கொல்லனின் பசி: எழும்பூர்க் காட்சிக்கூடமும் ஒரகடத்துக் கைகளும்

கலைக்கூடங்களைப் பற்றி எழுதுவது ஓர் இறையியல் ஏட்டின் வேலையா என வாசகருள் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும், ஒரு சமுதாயம் எந்தக் கைவேலையைக் காக்கத்தக்கது, காணத்தக்கது, பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கது என்று தீர்மானிக்கும் இடமே அருங்காட்சியகம். அத்தீர்மானத்துக்குள் மனிதனைப் பற்றிய ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. மனிதனைப் பற்றிய கொள்கை இருக்குமிடத்தில் இறையியலுக்கும் வேலை இருக்கிறது.

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் இன்று ஊழியஞ்செய்யும் ஆயர்கள், பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி, முறைமாற்றி வேலைக்குச் செல்லும் இளைஞரிடையே பணிபுரிகின்றனர். இவ்விளைஞரின் கைகள் மகிழுந்துகளையும் சரக்குந்துகளையும் கைபேசிகளையும் நாள்தோறும் உருவாக்குகின்றன. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், எழும்பூரில், மனிதக் கைகள் உருவாக்கியவற்றுள் தலைசிறந்தவை சில காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு என்ன? சென்னை அரசு அருங்காட்சியகத்தின் காட்சிகளையும் பொது நிகழ்ச்சிகளையும் இக்கட்டுரையில் தொழிற்பகுதியின் பக்கமாக நின்று மதிப்பிட முனைகிறோம். உருவத்தைக் காட்டி, அதை உருவாக்கிய கையைக் காட்டாத காட்சி எத்துணை அழகியதாயினும் முழுமையான பொதுக்காட்சி ஆகாது என்பதே நம் முடிபு. இம்முடிபு திருச்சபையையும் சும்மா விடுவதில்லை.

1. செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

இவ்வருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் தொடங்கி, 1854-இல் எழும்பூருக்கு மாற்றப்பட்டது. இதன் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் உயிருள்ள விலங்குகளையும் வளாகத்தில் வைத்தார். அவற்றைக் காண மக்கள் திரண்டனர். பின்னர் விலங்குகள் தனித் தோட்டத்துக்குப் பெயர்க்கப்பட்டன. சென்னை மக்கள் தங்களுக்கே உரிய நகைச்சுவையோடு விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தனர். பாமரர் வாயில் பிறந்த இப்பெயர்கள் ஒரு கலை விமரிசனத்துக்கு ஒப்பாகும். உயிரோடு தொடர்பற்ற பொருள் எவ்வளவு அரியதாயினும் பாமரர் கண்ணுக்குச் செத்ததே என்பது அதன் கருத்து. அந்த உயிர்க் காலேஜ் 1985-இல் வண்டலூருக்குச் சென்றது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில்தான் ஒரகடம் இருக்கிறது. விலங்குகள் பாதி வழி வந்துவிட்டன; கலைப்பொருள்கள் எழும்பூரிலேயே நின்றுவிட்டன.

எளிய மக்கள் அருங்காட்சியகத்துக்கு வராமலில்லை. காணும் பொங்கலன்று கிராமத்தாரும் நகரத் தொழிலாளரும் குடும்பம் குடும்பமாக வந்து செல்வது நெடுநாளைய வழக்கம். ஆனால் அவர்கள் எவ்வாறு வரவேற்கப்பட்டனர் என்பதையும் நாம் நோக்கவேண்டும். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், பல்வேறு சாதியினரின் தலை, மூக்கு முதலியவற்றை அளவுகோல் கொண்டு அளந்து பதிவுசெய்தார். அவ்வுழைப்பின் விளைவாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய 7 தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. அறிவுத்துறைக்கு அவை பயன்பட்டன என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் உழைக்கும் மனிதன் பார்ப்பவனாக அன்றிப் பார்க்கப்படும் பொருளாகவே அக்காட்சிக்கூடத்தின் கணக்கில் இடம்பெற்றான் என்பது மனத்தை உறுத்தும் உண்மை. அளவுகோல் இன்று இல்லை. அப்பார்வை முற்றிலும் நீங்கிவிட்டதா என்பதே வினா.

2. காட்சிக்கு வைக்கப்பட்டவை

காட்சிப் பொருள்களின் தகுதியைப் பற்றி ஐயமில்லை. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு சரளைக்குழியருகே, நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலை ஆற்றுப்படுகையில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. அவர் சேர்த்த பெருந்தொகுப்பை 1904-இல் அரசு விலைக்கு வாங்கி இவ்வருங்காட்சியகத்தில் வைத்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை 10 முதல் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஃபூட், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு திருமறையைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன் என்பது நம் வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தி. கைக்கோடரி ஒன்றை உற்றுநோக்குவோர், ஒரு கை கல்லின் நரம்பறிந்து தட்டிய ஒவ்வொரு தட்டின் வடுவையும் அதன்மேல் காணலாம். இன்றைய ஆலைகள் நிற்கும் அதே தொண்டை நாட்டின் முதல் தொழிலாளியின் கையெழுத்து அது.

அடுத்து, செப்புத் திருமேனிகள். திருவாலங்காட்டு நடராசர் திருமேனி உலகறிந்தது. அதன் புகைப்படங்களைப் பாரிசில் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் வியந்தெழுதிய கட்டுரை 1921-இல் அச்சாயிற்று. கடல்கடந்த சிற்பி ஒருவர் நிழற்படத்திலேயே அதைக் கண்டுகொண்டார். திருவாலங்காட்டுக்கும் எழும்பூருக்கும் அருகே, நாள்முழுதும் உலோகத்தோடு உறவாடும் நம் இளைஞருள் எத்தனைபேர் அதைக் கண்டிருப்பர்? அவர்கள் கண்டால், ரோடின் காணாத ஒன்றையும் காண்பர் என்பது நம் துணிபு. முதலில் மெழுகில் உருச்செய்து, அதன்மேல் வண்டல் மண்ணும் களிமண்ணும் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்த்து, ஆறியபின் மண் அச்சை உடைத்து, உளியும் அரமும் கொண்டு சீர்செய்வது அத்தொழில். அச்சு உடைபடுவதால் ஒவ்வொரு வார்ப்பும் ஒரே ஒரு வார்ப்பே. உலோகம் எவ்வளவு சூட்டில் ஓடும், காற்று எங்கே அடைபடும், எங்கே குமிழி விழும் என்னும் அச்சம் அன்றைய தபதிக்கும் இன்றைய வார்ப்பாலைத் தொழிலாளிக்கும் பொதுவானது. 'வார்ப்பு' என்னும் சொல்லும் இருவர்க்கும் பொதுவானதே.

ஆனால் காட்சிக்கூடத்துக் குறிப்பட்டைகள் பெரும்பாலும் கூறுவன தெய்வத்தின் பெயர், கிடைத்த ஊர், நூற்றாண்டு ஆகியவையே. வார்த்தவர் பெயர் இல்லை. பெயர்கள் வரலாற்றில் மறைந்துபோனமைக்கு அருங்காட்சியகத்தைக் குறைகூற இயலாது. ஆயின் பெயர் மறைந்தது ஓர் இழப்பு என்றுகூடப் பார்வையாளருக்கு உணர்த்தப்படுவதில்லை என்பதே நம் குறை. அரசன் பெயரால் காலம் குறிக்கப்படுகிறது. 'சோழர் கலை' என்று புகழப்படுகிறது. சோழ மன்னர் எவரும் மெழுகைப் பிசையவில்லை.

3. யாருக்குரிய பொது நிகழ்ச்சி?

சிறப்புக் கண்காட்சிகள், சொற்பொழிவுகள், மே 18-இல் வரும் பன்னாட்டு அருங்காட்சியக நாள் விழா, மாணவர்க்கான போட்டிகள், 1896-இல் எழுந்த அரங்கில் நாடகங்கள் என எழும்பூர் வளாகம் பொது நிகழ்ச்சிகளால் நிறைந்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கண்டுசெல்வது பாராட்டத்தக்கது. ஆயினும் 'பொது' என்னும் சொல்லை நாம் சோதிக்கவேண்டும். கூடம் காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. இரவு முறை முடித்துக் காலையில் விடுதிக்குத் திரும்பி உறங்குபவருக்கும், பகல் முறையில் நிற்பவருக்கும் அவ்வேளை எட்டாதது. எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மிகைநேர வேலையும் துணிதுவைப்பும் ஊருக்குத் தொலைபேசுவதும் வழிபாடும் அந்த ஒரு நாளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கட்டணம் குறைவு என்பதனால் மட்டும் ஒரு நிகழ்ச்சி பொதுவாகிவிடுவதில்லை. வர இயலாதவனுக்குக் கதவு திறந்திருப்பதும் பூட்டியிருப்பதும் ஒன்றே.

இத்தொழிற்பகுதியின் அண்மைய வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வது நலம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை தந்து, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2010-இன் இறுதியில் இப்பகுதியின் ஆலையொன்றில் எந்திரத்தில் சிக்குண்டு இளம்பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9 முதல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தங்கள் சங்கத்துக்கு ஏற்பு வேண்டி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

இப்பட்டியலில் ஓர் உண்மை புலனாகிறது. இத்தொழிலாளர் நாட்டின் கண்ணுக்குத் தென்படுவது அவர்கள் வேலையை நிறுத்தும்போதும், சாலையில் அமரும்போதும், இறக்கும்போதும் மட்டுமே. வேலை செய்யும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்கள் செய்த பொருளோ விளக்கொளியில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், ஒவ்வொரு நகரத்துக் கடையிலும் காட்சிக்கு வைக்கப்படுகிறது. இவ்வகையில் விற்பனைக்கூடமும் அருங்காட்சியகமும் உடன்பிறப்புகள். இரண்டும் பொருளைக் காட்டுகின்றன, கையை மறைக்கின்றன.

4. கூடத்துக்கு வெளியே கண்ட முயற்சிகள்

மாற்று வழியே இல்லையோ எனில், உண்டு. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்வோம். நான்கு மனிதர் ஒரு பாறையை நகர்த்த முயல்கின்றனர். நரம்பு புடைத்த கால்கள், வளைந்த முதுகுகள். சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய இடங்களுள் ஒன்று இதே கடற்கரை. இச்சிலைக்கு வாயிற்காவலர் இல்லை, திறப்பு நேரமும் இல்லை. நகரத்தார் அதன் பெயரை வழி சொல்லவும் பயன்படுத்துகின்றனர். எனினும் இதிலும் ஒரு குறை கூறலாம். அந்நால்வரின் உடல் வலிமை போற்றப்படுகிறதேயன்றி, அவர்தம் கையின் அறிவு காட்டப்படவில்லை. உழைப்பு என்றால் பாறையைத் தள்ளுவது மட்டுமே எனும் கருத்து, நுண்ணிய மின்னணுப் பலகையில் கண்ணூன்றும் பெண்ணை விட்டுவிடுகிறது.

1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் எழுந்தது. அங்கே ஓவியரும் சிற்பியரும் கைவினைப்பொருள் செய்து விற்று, அவ்வருவாயால் நிலம் வாங்கித் தம் கலையை நிலைநிறுத்தினர். கலைஞனும் தொழிலாளியே என்பதற்கு இது ஒரு சான்று. அதே சென்னை மரபில் வந்த சிற்பி பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்தும் வளைத்தும் பற்றவைத்தும் உருவங்களை ஆக்கினார். கிறிஸ்துவும் அவர்தம் கருப்பொருள்களுள் ஒருவர். தகட்டை அழுத்துவதும் பற்றவைப்பதும் ஒரகடத்தின் அன்றாடத் தொழில். பற்றவைத்த தழும்புகளையே அழகாக்கிய அச்சிற்பங்களின் முன் ஓர் ஆலைத் தொழிலாளி நின்றால், விளக்கவுரையாளர் அவருக்குத் தேவைப்படார்.

2020-இல், நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. கலை மக்களிடம் சென்றது என்னும் அளவில் இது நன்று. ஆயின் வண்ணம் பூசிய சுவருக்குள் வாழ்பவன் வேலைக்காக எவ்வளவு தொலைவு பயணஞ்செய்கிறான் என்பதை அச்சுவர் கூறுவதில்லை. இதனினும் ஆழ்ந்து சென்றது புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் 2017-இல் நடத்திய 'நானும் ஒரு குழந்தை' என்னும் கண்காட்சி. கையால் மலம் அள்ளும் தொழிலில் தள்ளப்பட்டோரின் பிள்ளைகளை அது காட்டியது. 'நானும்' என்னும் தன்மைச்சொல்லைக் கவனியுங்கள். அங்கே படத்திலிருப்பவர் அளக்கப்படும் பொருள் அல்லர்; பேசும் ஆள். தர்ஸ்டனின் அளவுகோலுக்கு அது காலந்தாழ்ந்த மறுமொழி எனலாம்.

5. ஏசாயாவின் பார்வை

இனி, திருமறையின் பக்கம் திரும்புவோம். புராட்டஸ்தாந்து மரபில் வந்தோர்க்கு உருவங்களைப் பற்றிய ஐயம் இயல்பானது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் கட்டளையும், ஏசாயா 44-ஆம் அதிகாரத்தின் ஏளனமும் நம் பிரசங்கங்களில் பலகாலும் எடுத்தாளப்பட்டுள்ளன. ஆனால் அவ்வேளனப் பகுதியின் 12-ஆம் வசனத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். விக்கிரகத்தைச் செய்யும் கொல்லனைத் தீர்க்கதரிசி அங்கே காண்கிறார். அவன் கரிநெருப்பில் இரும்பைக் காய்ச்சுகிறான், சுத்தியால் அடிக்கிறான். அத்தோடு அவன் பசித்து வலுவிழப்பதையும், நீரருந்தாமல் களைத்துப்போவதையும் தீர்க்கதரிசி குறிப்பிடுகிறார். உருவத்தை ஏளனஞ்செய்பவர் கொல்லனின் பசியைக் காணத் தவறவில்லை. உலையருகே நின்று பார்த்தவரே இவ்வாறு எழுதமுடியும்.

இவ்விடத்தில் இருவகைக் குருடு வெளிப்படுகிறது. உருவத்தை வியப்பவர் கொல்லனின் பசியைக் காண்பதில்லை. உருவத்தைப் பழிப்பவரும் அதைக் காண்பதில்லை. வியப்பும் பழிப்பும் உருவத்திலேயே நின்றுவிடுகின்றன. விக்கிரகம் என்பது தன்னை உருவாக்கிய கையை மறைத்துத் தானே தோன்றியதுபோல நிற்கும் பொருள் எனக் கொண்டால், விற்பனைக்கூடத்து மகிழுந்தும் அப்பெயருக்குத் தகுதியுடையதே. ஆரோன் தான் செய்த கன்றுக்குட்டியைப் பற்றிக் கூறிய சாக்குப்போக்கும் இதுவேயன்றோ! பொன்னை நெருப்பில் போட்டதும் கன்று தானாகவே வெளிவந்ததுபோல் அவன் பேசினான்.

இதற்கு மாறாக, ஆசரிப்புக் கூடாரத்தின் வரலாறு அமைந்திருக்கிறது. பெசலெயேல், அகோலியாப் என்போர் பெயர், தந்தை பெயர், கோத்திரப் பெயர் ஆகிய எல்லாவற்றோடும் குறிக்கப்படுகின்றனர். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனாகப் பெசலெயேல் அறிமுகமாவது கைத்தொழிலின் பொருட்டே. சாலொமோனின் வெண்கலப் பணிமுட்டுகளை வார்த்த ஈராமும் விதவையின் மகன் என்றே வரலாற்றில் நுழைகிறான். யோர்தான் சமவெளியின் களிமண் தரையில் அவன் வார்த்தான் என்ற தொழிற்குறிப்பும் உண்டு. அதே ஆலயத்துக்காக 30,000 பேர் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர் என்பதையும் இராஜாக்களின் புத்தகம் மறைக்கவில்லை. அந்நுகத்தின் பாரமே பின்னர் நாட்டைப் பிளந்தது. திருமறை, ஆலயத்தின் மகிமையையும் அதன் கூலிக்கணக்கையும் ஒரே குறிப்பட்டையில் எழுதுகிறது. அருங்காட்சியகம் கற்கவேண்டிய குறிப்பட்டை முறை இது.

6. திருச்சபையின் பணி

நம் ஆலயங்களின் சுவர்களையும் ஒருகணம் நோக்குவோம். அடிக்கல் நாட்டிய பேராயர் பெயர், பிரதிஷ்டை செய்தவர் பெயர், நன்கொடையாளர் பெயர் ஆகியவை சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. கொத்தனார் பெயர் பொறித்த கல் மிக அரிது. தச்சன் என்று அழைக்கப்பட்டவரை வழிபடும் சபையின் சுவர் இவ்வாறிருக்குமாயின், அருங்காட்சியகத்தை மட்டும் குறைகூறுவது முறையாகுமா?

எனவே நாம் முன்வைப்பன சில. முதலாவது, அருங்காட்சியகத்தார் தம் சிறப்புக் கண்காட்சிகளுள் சிலவற்றையேனும் தொழிற்பகுதிக்கே கொண்டுசெல்லவேண்டும். மூலத் திருமேனிகளைப் பெயர்க்கவேண்டியதில்லை. மெழுகுவார்ப்பின் படிநிலைகளையும் கற்கருவிகளின் படிகளையும் விடுதிகளின் கூடங்களில், முறைமாற்ற நேரத்துக்கு ஏற்ப வைத்தாலே போதும். இரண்டாவது, பொருள் எவ்வாறு செய்யப்பட்டது, அதற்கு எத்தகைய அறிவும் உழைப்பும் வேண்டியிருந்தது என்பதைக் குறிப்பட்டைகள் கூறவேண்டும். வார்ப்பாலைத் தொழிலாளர் சிலரைத் திருமேனிகளின் முன் நிறுத்தி, அவர்கள் காண்பதைக் கேட்டுப் பதிவுசெய்யும் நிகழ்ச்சி அறிஞர் சொற்பொழிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. மூன்றாவது, தொழிற்பகுதிச் சபைகள் அறுப்பின் பண்டிகையன்று நெற்கதிரோடு ஆலையில் செய்யப்படும் உறுப்பு ஒன்றையும் பலிபீடத்தருகே வைத்து, அதைச் செய்தவரைக் கொண்டே அதன் வேலையைச் சொல்லச்செய்யலாம். நான்காவது, இறையியல் மாணவர் எழும்பூருக்குச் செல்லும்போது, 'இது எந்நூற்றாண்டு' என்னும் வினாவோடு 'இதைச் செய்தவன் அன்று என்ன உண்டான்' என்னும் வினாவையும் எடுத்துச்செல்லட்டும்.

இராமாநுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். மறைத்து வைக்கவேண்டிய மந்திரத்தை அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி எல்லாரும் கேட்க உரைத்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது. பொது என்பதன் பொருளை அவ்வூர் மண் நெடுங்காலமாய் அறிந்தே இருக்கிறது. சிலர்க்குரியதை எல்லார்க்கும் உரியதாக்க ஒருவர் மேலே ஏறவேண்டியிருந்தது. இன்று அருங்காட்சியகமும் திருச்சபையும் கீழே இறங்கவேண்டியிருக்கிறது. ஆலை வாயிலில் முறை மாறும் வேளையில் நீலச் சீருடையில் வெளிவரும் அக்கூட்டத்துள் பெசலெயேல்கள் பலர் உள்ளனர். அவர்கள் பெயரை அறிந்துகொள்வதே ஆயருடைய முதற் பணி. அவர்கள் பசியை அறிந்துகொள்வது அடுத்தது.